டிசம்பரில் கதவில்லாத வீடு

ஒப்துலியாவின் வீட்டுக் கதவு ஆண்டுதோறும் டிசம்பர் பதினாறாம் தேதி மாலை காணாமல் போய், கிறிஸ்துமஸ் காலையில் திரும்பி வரும். இடைப்பட்ட நாட்களில் அங்கே தெருவை ஒட்டிய முற்றத்தின் சுண்ணாம்படித்த சுவர்தான் இருக்கும். கால்பான் ஊரில் இதைவிடக் கொய்யா விலையைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

அவள் கணவன் ஃபுல்ஹென்சியோ இறந்த வருடம் இதற்கு விதை விழுந்தது. மரியாளும் சூசையப்பரும் தங்க இடம் கேட்டு அலைந்ததைப் பாடியபடி ஊர்வலம் ஒவ்வொரு மாலையும் முறைவைத்து ஒரு வீடு தேடி வரும் நாட்கள் அவை. உள்ளிருப்பவர்கள் முதலில் இடமில்லை என்று எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள்; பிறகு கதவைத் திறந்து, போன்சே என்ற சூடான பழப் பானம் கொடுப்பார்கள். அந்த வருடம் அவள் இடமில்லை என்று பாடியதோடு நிறுத்திக்கொண்டாள். வெளியே கொஞ்ச நேரம் இருமல் சத்தம் கேட்டது. பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறு வருடம் துக்கம் சற்று ஆறி, திறக்கலாம் என்று அவள் எழுந்தபோது கதவு இல்லை.

ஆனாலும் வருடாவருடம் போன்சே காய்ச்சினாள். கதவு போவதற்குள் பழம் வாங்கி வைத்துவிடுவாள். தெஹோகோத்தேப் பழங்களை வேகவைத்துத் தோலுரித்து, கொய்யா, கரும்புத் துண்டு, புளி, பட்டை, வெல்லம் போட்டு, தெருவுக்கே போதுமான மண்பானையில் கொதிக்க விடுவாள். வெளியே ஊர்வலப் பாட்டு சுவரைத் தாண்டிப் போகும். ஒரு குவளை குடிப்பாள்; மீதி கோழிகளுக்கு. தலை நரைத்தது. சின்னப் பானை வாங்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.

ஒரு வருடம் பாட்டு தேய்ந்துகொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே, உள்ளே வாருங்கள் என்ற அடியை அவள் சுவரைப் பார்த்துப் பாடினாள். ஊர்வலம் நின்றது. சூசையப்பர் சிலையைச் சுமந்திருந்த கரும்பு வியாபாரி எவாரிஸ்தோ உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டார்.

"கொமாத்ரே, உள்ள வாங்கன்னு பாடுற, வழி எங்க?"

"வழி இருந்தா நான் ஏன்யா கத்துறேன்? ஏணி கொண்டா!"

"இந்தத் தொந்தியோட, சூசையப்பரையும் தூக்கிக்கிட்டு நான் ஏறணுமா?"

"அவரை முதல்ல அனுப்பு. அவருக்குத் தொந்தி இல்ல."

சூசையப்பர் முதலில் வந்தார். பிறகு மரியாள், பொம்மைக் கழுதை, எவாரிஸ்தோ, மற்றவர்கள். பானை அன்றுதான் முதன்முறையாகக் காலியானது; அவளுக்கு ஒரு வாய்கூட மிஞ்சவில்லை. எல்லோரும் வந்த வழியே ஏறிப் போனார்கள்.

கதவு இன்றும் போய் வருகிறது. ஊர்வலத்தோடு இப்போது ஏணியும் வருகிறது. மற்ற மாலைகளில் ஒப்துலியா தனியாகத்தான் இருக்கிறாள். தன் முறை வரும் நாளில் மட்டும், அவர்கள் இறங்குவதற்கு, சுவரின் உள்பக்கம் இன்னொரு ஏணியைச் சாத்தி வைக்கிறாள்.