ஜான்சி வார்த்த கப்பல்

மரக்காணத்துக்கு நேர் கிழக்கே ஆறு மைலில் நிற்கும் சரக்குக் கப்பல், இரண்டு வருஷமாக ஒரு முழம்கூட நகரவில்லை. இன்ஜின் நன்றாக இருக்கிறது, நங்கூரம் போடவில்லை, அடியில் மணல்திட்டும் கிடையாது. உப்பு பாக்கெட் போடும் கொட்டகையில் வேலை செய்யும் ஜான்சி, அதைத் தன் வீட்டுச் சமையல் மேடையில் வார்த்து முடித்த செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரைக்கு நின்றது.

பொம்மைக் கப்பல் செய்வது ஜான்சிக்குப் பொழுதுபோக்குதான். தம்பி கிருபா தன் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போட்டு மீந்த ரெசின் பசையைக் கொண்டுவந்து கொடுத்த நாளில் பிடித்த பைத்தியம். வேப்பங்கட்டையில் உடம்பைச் செதுக்கி, பிளாஸ்டிக் அட்டையில் மேல்தளம் வெட்டி ஒட்டி, அதன்மேல் சிலிகோன் ரப்பர் ஊற்றி அச்செடுப்பாள். இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த ரெசினை அச்சுக்குள் நூல் மாதிரி விடுவாள். ஒரு குமிழி விழுந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். அப்படிப் பதினேழு கப்பல்கள் அலமாரியில் நின்றன. ஒன்றும் யாரையும் தொந்தரவு செய்ததில்லை.

கப்பல் நின்ற அந்த வருஷம் மாசியில், பட்டப்பகலில், ஒரு சரக்குக் கப்பல் கிருபாவின் படகை இடித்து இரண்டாக்கிவிட்டு நிற்காமல் போனது. கூடப் போயிருந்த கலியன் தண்ணீர்க் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உயிரோடு வந்தான். கிருபா வரவில்லை. விசாரித்த அதிகாரி, அன்றைக்கு அந்தப் பக்கம் கப்பல் எதுவும் வரவே இல்லை, படகு அலையில் உடைந்திருக்கும் என்று எழுதிக் கொடுத்தார். படித்துப் பார்த்த ஜான்சி அழவில்லை. அன்றிலிருந்து அவள் கை பட்ட ரெசின் ஹார்டனர் இல்லாமலே இறுகியது.

கலியனை உட்காரவைத்து, எத்தனை கிரேன், என்ன நிறம், மூக்கில் நசுங்கல் எந்தப் பக்கம் என்று நாற்பது நாள் கேட்டாள். "விட்டுடுக்கா, நெனச்சாலே ஒடம்பு நடுங்குது" என்றான். "நடுங்கினாலும் சொல்லு. பாத்தவன் நீ ஒருத்தன்தான்" என்றாள். அவன் சொல்லச் சொல்லச் செதுக்கி, வார்த்து, அச்சைப் பிரித்தபோது கப்பலின் மூக்கில் அவள் பூசாத நீலக் கீறல் ஒன்று இருந்தது. கிருபாவின் படகு நீலம். மறுபடியும் அதே வழியாகப் போய்க்கொண்டிருந்த கப்பல் அந்த நிமிஷமே கடலில் நின்றது.

மூன்று இழுவைக் கப்பல்கள் வந்து, கயிறு அறுந்து திரும்பின. சமையல் மேடையிலிருந்த ஒரு சாண் கப்பலை நாலு போலீஸ்காரர்கள் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. பழைய அதிகாரியே வந்து, "அம்மா, அந்தக் கப்பலை விட்டுடுங்க" என்றார்.

"எந்தக் கப்பலுங்க? வரவே இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே. வராத கப்பலை நான் எப்பிடிப் புடிச்சு வெச்சிருக்க முடியும்?"

கடைசியில் கேப்டனே கரையிறங்கி அவள் வாசலில் வந்து நின்றார். கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பிய கூனிமேட்டுக்காரர் ஒருவர் மொழிபெயர்த்தார். இடித்தது தெரியும், தண்ணீரில் இரண்டு தலைகளைப் பார்த்தேன், நின்றால் நேரமாகிவிடும் என்று போய்விட்டேன் என்றார் கேப்டன்.

"நின்னிருந்தா தூக்கியிருக்கலாமா?"

"தூக்கியிருக்கலாம்."

அதையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டார். இனி விட்டுவிடுவாள் என்றுதான் தெருவே நினைத்தது. அவளோ கேப்டனிடம் சொன்னாள்: "கப்பல்ல இருக்கிறவங்க எல்லாரையும் ஊருக்கு அனுப்பிடு. அவங்க மேல எனக்குக் கோவம் இல்லை. கப்பல் நிக்கட்டும்."

"எதுவரைக்கும்?"

"அன்னிக்கி நிக்காம போனியே, அதுக்கும் சேத்து நிக்கட்டும்."

ஆட்கள் போய்விட்டார்கள், கப்பல் நிற்கிறது. காலையில் அதன் நிழல் உப்பளம்வரை நீண்டு விழுவதால் பாத்தி காய அரை மணி நேரம் பிந்துகிறது. உப்பள முதலாளி குழந்தைசாமி வந்து முறையிட்டார். வேலையை அரை மணி தள்ளி ஆரம்பிக்கச் சொன்னாள் ஜான்சி. இப்போது ஆட்கள் ஆறரைக்குத்தான் பாத்தியில் இறங்குகிறார்கள். அதுவரை வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.