நாம்தான் முன்னிலை

பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் தோய்த்து அம்மாவின் உதடுகளை ரேலீன் ஈரப்படுத்திக்கொண்டிருந்தபோது, தம்பி கிராண்ட் டிவியின் சத்தத்தை அடியோடு நிறுத்தினான்.

"ஏன்டா நிறுத்துன? அம்மாவுக்குக் காது கேக்கும்னு நர்ஸ் சொல்லிட்டுத்தானே போனாங்க?"

"அதனாலதான் நிறுத்துனேன். ஸ்கோரைப் பாரு."

பார்த்தாள். நான்கு குவார்ட்டர் கொண்ட ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டத்தில் பாதி முடிந்திருந்தது. ஜீலாங் அணியிடம் அவர்களுடைய அணியான போர்ட் அடிலெய்ட் செமத்தியாக வாங்கிக்கொண்டிருந்தது.

தென் ஆஸ்திரேலிய ஊரான வைல்லாவில் அவர்கள் பிறந்து வளர்ந்த அந்த வீட்டின் முன்னறையில், சோபாவை கராஜுக்குத் தள்ளிவிட்டு, டிவிக்கு நேர் எதிரே அம்மா லோர்னாவின் கட்டிலைப் போட்டது ரேலீனின் யோசனை. காலையில் வந்த நர்ஸ் வலி மருந்தைக் கூட்டிவைத்துவிட்டு, வாசலுக்குப் போனதும் குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கேகூட இருக்கலாம்" என்றாள். சுரங்கத்தில் வேலையில் இருந்த கிராண்ட், போன் வந்ததும் பூட்ஸைக்கூட மாற்றாமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

இப்போது அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவின் காதருகே குனிந்தான்.

"மூணாவது குவார்ட்டர் ஆரம்பிச்சாச்சும்மா. பந்து நம்மகிட்ட. அந்த நெட்டைப் பய எகிறிப் புடிச்சுட்டான் பாரு... உதைக்கிறான்... கோல்மா."

திரையில் கோல் போட்டுக் கட்டிக்கொண்டவர்கள் ஜீலாங் ஆட்கள்.

"கிராண்ட்," என்றாள் ரேலீன், மெதுவாக. "எதுக்குடா பொய்?"

"அம்மாகிட்ட கத்துக்கிட்டதுதான்."

ரேலீனுக்குச் சிரிப்பு வந்தது. பல வருஷங்களுக்கு முன்பு, இதே அறைதான். கிராண்ட் சின்னப் பையன். மாறுகண்ணுக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு கண்களிலும் கட்டு. சனிக்கிழமை ஆட்டமென்றால் அப்பா பீரோடு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் தரையில், ஆளுக்கொரு சாசேஜ் ரோலோடு. லோர்னாவால் மட்டும் உட்கார முடியாது. பின்னால் நின்று இஸ்திரி போட்டுக்கொண்டே அம்பயரைத் திட்டுவாள். அப்பா உருக்காலைக்குப் போட்டுப்போன சட்டைகளில் பாதிக்குக் காலர் தீய்ந்திருக்கும். அன்றைக்கு அவள் இஸ்திரியை விட்டுவிட்டு, சத்தத்தை நிறுத்தி, மகனை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைச் சொன்னாள். எதிரணியான நார்வுட் போட்ட கோலையெல்லாம் போர்ட் கணக்கில் எழுதினாள். "அம்மா, அது நார்வுட்..." என்று வாயெடுத்த ரேலீனின் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அப்பா என்னவோ சொல்லவந்து, ஒரு மடக்குக் குடித்துவிட்டு அடங்கிப்போனார். கட்டுப்போட்ட முகத்தைத் திரைப்பக்கம் நீட்டி கிராண்ட் கைதட்டினான்.

பிறகு சித்தி மகன் உண்மையைப் போட்டுடைத்ததும் கிராண்ட் அழுதுகொண்டு வந்தான். லோர்னா அசரவில்லை. "நான் பாத்த ஆட்டத்துல நாமதான் ஜெயிச்சோம்" என்றாள்.

"கடைசி குவார்ட்டர்மா," என்றான் கிராண்ட் இப்போது, அம்மாவின் காதருகே. "அம்பயர் நமக்குத்தான் ஃப்ரீ கிக் குடுத்திருக்கான். அதிசயமா இருக்குல்ல?"

ரேலீனின் கை அம்மாவின் மார்பின் மேல் இருந்தது. மதியத்திலிருந்தே மூச்சு விட்டுவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தது. ஒன்று வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். பிறகு, காத்திருப்பதற்கு ஒன்றுமில்லை என்று கைக்குத் தெரிந்தது.

நிமிர்ந்தாள். கிராண்டின் கண்கள் திரையில் இருந்தன.

"அந்தச் சின்னவன் இருக்கான்ல, ஓரமாவே ஓடுறான்மா. ஒருத்தனும் கிட்ட வரல. இன்னும் ஓடுறான்..."

அவள் கையை எடுக்கவில்லை.

திரையில் ஆட்டக்காரர்கள் ஓட்டத்தை நிறுத்திக் கைகுலுக்கத் தொடங்கினார்கள்.

"அவ்வளவுதாம்மா. ஜெயிச்சுட்டோம்." கிராண்ட் திரையிலிருந்து பார்வையை எடுக்காமலேயே கேட்டான்: "எப்போ, ரே?"

"கொஞ்சம் முன்னாடி."

"கடைசி குவார்ட்டர்லயா?"

"ஆமா."

அவன் தலையசைத்தான். "அப்ப நாமதான் முன்னிலைல இருந்தோம்."

பின்கட்டில் கம்பிவலைக் கதவு தடதடத்தது. பக்கத்து வீட்டு கிளாரி. ஆட்டம் முடிந்ததும் வேலியோரம் நின்று லோர்னாவோடு சண்டை பிடிக்காத சனிக்கிழமை அவனுக்குக் கிடையாது. அவள் படுத்ததிலிருந்து கதவுக்கே வந்துவிடுகிறான்.

"லோர்னா, இந்தக் கண்றாவியைப் பாத்த நேரத்துக்கு நான் புல்லு வெட்டியிருக்கலாம். எந்திரிச்சு வா, அந்த அம்பயரை நாலு கேள்வி கேக்கணும்."

ரேலீன் சமையலறையைக் கடந்து போய்க் கதவைத் திறந்தாள். கிளாரி அவள் முகத்தைப் பார்த்தான். தொப்பியைக் கழற்ற அவன் கை தலைக்குப் போனது. தலையில் தொப்பி இல்லை. தோட்டத்தில் பறித்துவந்த எலுமிச்சம்பழங்களை ஏந்தியபடி அது அவனுடைய இன்னொரு கையில் இருந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு, வெறும் தலையோடு படியில் நின்றான்.