சூடான பிறகு

வாங்க வந்தவர் முதலில் செய்தது காரின் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்ததுதான். காய்ச்சல் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு சிரித்தார்.

"ஜில்லுன்னு இருக்கும்மா," என்று தன் அம்மாவிடம் சொன்னார். "நேர்மையான ஆள்தான்."

பழைய கார் வாங்க வருகிறவர்கள் இப்படிச் செய்வார்கள் என்று புரோக்கர் முன்பே சொல்லியிருந்தார். காலையில் கிளம்ப அடம்பிடிக்கிற வண்டியை, ஆள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவது விற்பவர்களின் வழக்கம். அதனால் பானெட் சுட்டால் சந்தேகம். குளிர்ந்திருந்தால் நம்பிக்கை. "உங்க வண்டி நேர் எதிர் சார்," என்றார் புரோக்கர். "பச்சத்தண்ணி மாதிரி இருக்கும்போது தங்கம். அப்படியே காட்டிடுவோம். தெருமுனை வரைக்கும் ஒரு ரவுண்டு. அதுக்குள்ள சூடே ஏறாது." முந்தின நாளே வந்து பேட்டரிக்குச் சார்ஜ் போட்டு, தூசி தட்டி, போர்த்தியிருந்த துணியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

குறை சூட்டில்தான் இருந்தது. இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நெரிசலில் வெகுநேரம் ஊர்ந்து எஞ்சின் நன்றாகச் சூடேறிய ஒரு மதியத்தில், வண்டி நடுச்சாலையில் நின்றது. சாவியைத் திருப்பினால் உறுமும், பிடிக்காது. ஆறிய பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல ஒரே திருப்பில் எழுந்துகொண்டது. அதற்குள் பக்கத்து இருக்கையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த என் மனைவிக்கு மருத்துவமனை தேவைப்படாமல் போயிருந்தது.

மெக்கானிக் ஒரு சென்சாரை மாற்றினார். பழையதை என்னிடம் காட்டினார். கட்டைவிரல் அளவு, கறுப்பாக இருந்தது. அவர் ஓட்டிப் பார்த்தபோது வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லையாம். "இனிமே வராதுன்னு நினைக்கறேன்" என்றார். நான் அதன் பிறகு ஓட்டவில்லை. அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், தூணோரம், துணியைப் போர்த்தி நிறுத்திவைத்தேன். பேருந்தில் அலுவலகம் போனேன். லிஃப்டிலிருந்து இறங்கினால் அந்தத் துணியைத் தாண்டித்தான் தெருவுக்குப் போக முடியும். விற்க நினைத்ததற்கு வேறு காரணம் கிடையாது.

வாங்க வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்து முகப்பு விளக்கைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. நேர்மையான ஆள் என்று சொன்ன வாய் இப்போது வேலையைத் தொடங்கியது.

"லைட்டு மங்கிப்போச்சு சார்."

"ஆமா."

"பம்பர்ல கீறல்."

"ஆமா."

"டயர் வழுக்கையாயிடுச்சு."

"முன்னாடி ரெண்டும்."

"இந்தக் கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்கீங்க."

"இந்தத் தூண்லதான் உரசிச்சு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். விலை பேசுகிறவனுக்கு மோதுவதற்கு எதிரில் ஒரு சுவர் வேண்டும். நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றால் அவர் என்ன செய்வார். புரோக்கர் என் முழங்கையை ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு அவரிடம் சிரித்தார். "சார் ரொம்பப் படிச்சவர். எதைக் கேட்டாலும் ஆமா போட்டுடுவார். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

அந்த அம்மா இதற்குள் முன்கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டிருந்தார். ஒடிசலான உடம்பு. இடது முழங்கையின் உட்புறம் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"என்ன தம்பி இது, சீட்டு கட்டில் மாதிரி சாஞ்சு கெடக்கு?"

அதைக் கடைசியாகச் சாய்த்தது நான். என் மனைவி மூச்சு விடுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று. அதன் பிறகு யாரும் நிமிர்த்தவில்லை.

"பக்கத்துல ஒரு லிவர் இருக்கும். இழுங்க," என்றேன்.

இழுத்தார். டக்கென்று இருக்கை நிமிர்ந்து அவர் முதுகில் வந்து முட்டியது. அவ்வளவுதான். ஒரு சத்தம். எனக்கு ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். தோன்றவில்லை.

"இப்பதான் மனுஷி உக்காந்த மாதிரி இருக்கு," என்றபடி அவர் எதிரே டாஷ்போர்டிலிருந்த சின்ன அறையைத் திறந்து துழாவினார். மகன், "அம்மா, அடுத்தவங்க வண்டி" என்றார். "வாங்கப்போற வண்டிதானடா" என்றார். கையில் ஒரு தகரப் பென்சில் பெட்டி வந்தது. மூடி மூடாது, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"குழந்தை இருக்கா தம்பி?"

"இல்ல. என் மனைவி சபையில ஞாயிறு வகுப்பு எடுத்தா. அதுல வந்தது."

ஏன் அதோடு நிறுத்தவில்லை என்று தெரியவில்லை. பிள்ளைகளை வைத்து அவள் நடத்திய கடை விளையாட்டைச் சொன்னேன். அவரவர் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து விற்க வேண்டும். விலையை எப்படி வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் விற்கிறவர் தன் பொருளின் குறையை முதலில் சொல்லிவிட வேண்டும். அன்றைய பாடம், எடைக்கற்களில் ஏமாற்றக் கூடாது என்று வேதாகமத்தில் வருவது. கையிலே கல்லைக் கொடுத்தால் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் எறிவார்கள், அதனால் இப்படி என்றாள். ஒரு சிறுமி எழுந்து, இந்தப் பெட்டி மூடாது என்று சொன்னாள். யாரும் வாங்கவில்லை. அவள் அழுதாள். அந்தச் சிறுமி சொன்ன விலைக்கே என் மனைவி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் அதை வைத்துக்கொண்டு, "உண்மை சொன்னா யாரும் வாங்க மாட்டாங்கன்னுதானே இன்னைக்கு நான் சொல்லிக்குடுத்திருக்கேன்" என்று சிரித்தாள். கடைசிப் பகுதியை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

"நல்ல டீச்சர்," என்றார் அவர். "வாங்கறவனுக்கும் அதே புஸ்தகத்துல பாடம் இருக்கு, தெரியுமா? எங்க வீட்டுக்காரர் இவனைக் கூப்பிட்டு வெச்சு அடிக்கடி படிச்சுக் காட்டுவார். பொருளு கையில வர்ற வரைக்கும் மூக்கைச் சுளிச்சுட்டு, வீட்டுக்குப் போய் மார்தட்டிக்கறவன் கதை. என் புள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே ஒரு ராஜா அவனைப் பத்தி எழுதி வெச்சுட்டுப் போயிட்டாரு."

"அம்மா, சும்மா இரும்மா. விலை பேசிட்டிருக்கேன்."

"பேசு, பேசு. டயரு வழுக்கைன்னியே. உன் தலையை யாரும் ஒண்ணும் சொல்லலையே."

புரோக்கர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே இரண்டு பேரையும் நடுவில் இழுத்துவந்து ஒரு விலை சொன்னார். மகன் உதட்டைப் பிதுக்கினார். அம்மாவைக் காட்டினார். வாரத்தில் மூன்று தடவை டயாலிசிஸ். ஊருக்கு அந்தக் கோடியில் ஆஸ்பத்திரி. "டாக்ஸியை நம்பிப் பிரயோஜனம் இல்ல சார். அதுக்காகத்தான் வண்டியே."

"திரும்பி வரும்போது ஒருத்தனும் ஏத்த மாட்டேங்கறான்," என்றார் அம்மா. "என் மூஞ்சியைப் பாத்தா, நான் வண்டியிலயே போயிருவேன்னு பயம் போல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் மடித்த துணியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"சரி, முடிச்சுக்கலாம்," என்று மகன் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்தால் போதும். நாளையிலிருந்து தூணோரம் காலியாக இருக்கும். சரிசெய்துவிட்டதாக மெக்கானிக்கே சொன்ன பிறகு, சொல்ல என்ன இருக்கிறது என்று புரோக்கர் காலையில் கேட்டது சரிதான்.

"வண்டி சூடானா நின்னுடும்," என்றேன்.

புரோக்கரின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. மகன் நீட்டிய கையை இறக்கவில்லை.

"என்ன சார், வேற பார்ட்டி வந்துட்டானா?"

"இல்ல."

"பின்ன? கை குடுக்கற நேரத்துல புதுசா ஒண்ணு சொல்றீங்க. என்கிட்டயேவா? சரி, கொஞ்சம் ஏத்தித் தர்றேன்." ஏற்றிச் சொன்னார். "இதுக்கு மேல பேசாதீங்க. நல்ல வண்டி இது. லைட்டு பாலிஷ் போட்டாப் போதும். பம்பரெல்லாம் ஒரு குறையா?"

"டேய்," என்றார் அம்மா, "இப்ப யாருடா விக்கறது, யாருடா வாங்கறது?"

"ஒரு தடவை நின்னிருக்கு," என்றேன். "ஆறினப்புறம்தான் ஸ்டார்ட் ஆச்சு. ஒரு பார்ட்டை மாத்தினாங்க. சரியாயிடுச்சுன்னு மெக்கானிக் சொன்னார். எனக்குத் தெரியாது."

"அதான் சரியாயிடுச்சே," என்றார் புரோக்கர், அவசரமாக.

"ஓட்டிப் பாக்கலையா நீங்க?" என்றார் மகன்.

"இல்ல."

"ஏன் சார்? உங்க வண்டி."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்த லிவரைப் பார்த்தார். மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி போற வழியா தம்பி?"

"ஆமா."

மேலே எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. மகன் கையைக் கீழே போட்டார். மஞ்சள் துணியை எடுத்து, துடைக்க எதுவும் இல்லாமல், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இறங்கும்மா. போலாம்."

"எதுக்கு இறங்கணும்? இன்னைக்கு எனக்கு ஊசி கிடையாது. ஒரு அவசரமும் கிடையாது." சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். "ஓட்டு. ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டு. நின்னா நிக்கட்டும். தம்பி, நீங்களும் ஏறுங்க."

ஒரே திருப்பில் எழுந்தது வண்டி. நானும் புரோக்கரும் பின்னால். தெருமுனையில் புரோக்கர், "இங்கயே திருப்பிடலாமே" என்று பலவீனமாகச் சொன்னார். யாரும் திருப்பவில்லை. "என் வயித்துல அடிச்சுட்டீங்க சார்," என்று என் காதில் சொன்னார். பெரிய சாலை வந்தது. மேம்பாலத்துக்கு அடியில் எப்போதும்போல நெரிசல். லாரி, பேருந்து, நடுவில் நாங்கள். நகர்வது, நிற்பது. மகன் ஏசியைக் கூட்டி வைத்தார். எஞ்சினின் ஓசை கனமானது. கால் வழியாக அந்தச் சூடு மேலே வருவதுபோல இருந்தது. அது உண்மையில் வந்ததா, என் உடம்பு நினைத்துக்கொண்டதா, தெரியாது. சூடு காட்டுகிற முள்ளை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மருந்துக்கடை, அதன் பச்சை விளக்கு, பிறகு அன்று வண்டி நின்ற இடத்தில், பெயிண்ட் உதிர்ந்த அந்தத் தடுப்புச்சுவர். வண்டி நிற்கவில்லை. அதைக் கடந்து போனது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஓரமாக நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரியர்வியூ கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நிறுத்திட்டு, மறுபடி போடுங்க," என்றேன்.

நிறுத்தினார். முன்னால் ஏதோ உலோகம் ஆறுகிற டிக், டிக் ஓசை. வெளியே ஹாரன்கள். எஞ்சின் பிடித்தால், என் மனைவி போனதற்குக் கட்டைவிரல் அளவு கறுப்புப் பொருள் ஒன்றுதான் காரணம் என்றாகும். பிடிக்காவிட்டால், இந்தக் காரில் இந்த அம்மாவை அனுப்ப இருந்தேன் என்றாகும். அவர் சாவியில் கையை வைத்துவிட்டுத் திருப்பாமல் இருந்தார். கீறலையெல்லாம் தேடித் தேடிக் கண்டுபிடித்தவர்.

"போடுடா," என்றார் அம்மா.

அன்றைக்கு நான் சாவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்ப அதையே. பக்கத்தில் இருந்தவளைப் பார்க்கவில்லை. இப்போது பின்னாலிருந்து இருக்கைகளின் இடைவெளியில் அந்த அம்மாவின் மடி தெரிந்தது. குலுக்கலில் ரப்பர் பேண்ட் நழுவியிருந்தது. மூடாத மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நகம் வெளுத்திருந்தது.

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.