சுசிலா போட்டுக்கொள்ளாத ஊசி

சுசிலாவுக்கு அறுபத்தொரு வயது நிறைந்த வாரம், அமேசன் ஆற்றுக்குள் போகும் கப்பலொன்றில் இரண்டு பேருக்கு இடம் பதிவு செய்தாள். யாரையும் கேட்கவில்லை. நோர்பரியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பதினேழு வருடம் முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு ஓய்வு பெற்றவள். இனி யாராவது தனக்குச் சமைத்துப் போடட்டும், தான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்பது அவளுடைய எண்ணம். ஆற்றில் இளஞ்சிவப்பு நிற டொல்பின்கள் இருக்கின்றன என்று தொலைக்காட்சியில் பார்த்திருந்தாள்.

அவளுடைய கணவர் யோகராஜாவுக்குக் கப்பல் பிடித்துத்தான் இருந்தது. காலையில் எழும்பினால் எட்டு வகைச் சாப்பாடு என்று படத்தில் போட்டிருந்தார்கள். ஆனால் கப்பல் நிறுவனத்திடமிருந்து இரண்டாவது மின்னஞ்சல் வந்தபோதுதான் பிரச்சினை தொடங்கியது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், அல்லது மருத்துவர் தரும் விலக்குக் கடிதம், இரண்டில் ஒன்று இல்லாமல் கப்பலில் ஏற விடமாட்டோம் என்று அதில் எழுதியிருந்தது.

"கோவிட்டுக்கு ஆறு ஊசி போட்டாச்சு. இந்த உடம்பிலை இனி இடமில்லை," என்றார் யோகராஜா.

"அப்ப நீங்கள் வீட்டிலை நில்லுங்கோ. நான் போட்டுட்டுப் போறன்."

"தனியாவோ?"

"கப்பலிலை ரெண்டாயிரம் பேர் வருவினம். அதென்ன தனி?"

ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில் பூசை முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யோகராஜா இந்த வழக்கைத் தன் நண்பர் வாமதேவனிடம் கொண்டுபோனார். வாமதேவன் எதற்கும் பதில் வைத்திருப்பவர்.

"உதெல்லாம் சும்மா பயப்படுத்திற பேப்பர், ராசா. நான் கென்யாவுக்குப் போனனான். ஒரு ஊசி இல்லை, ஒருத்தரும் கேக்கேல்லை, ஒரு காய்ச்சலும் வரேல்லை."

பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி லலிதா சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "நீங்கள் கென்யாவிலை நிண்டது ரெண்டு மணித்தியாலம். அதுவும் எயார்போட்டுக்குள்ளை," என்றாள்.

அதோடு அந்த வழக்கு முடிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் குரொய்டனில் உள்ள ஒரு பயணத் தடுப்பூசி நிலையத்துக்குப் போனார்கள். "கேட்டுப் பாக்கிறதுக்கு மட்டும்தான் வாறன்," என்று யோகராஜா பஸ்ஸில் மூன்று தரம் சொன்னார்.

அங்கே ஒரே நேரத்தில் இருவரையும் இரண்டு அறைகளுக்குக் கூப்பிட்டார்கள். யோகராஜாவின் அறையில் இருந்த இளம் நேர்ஸ் மிக விரைவானவள். அவர் தன் ஆறு ஊசிகளின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கி மூன்றாவதுக்கு வருவதற்குள் வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று போட்டுவிட்டாள். ஒன்று நெருப்புக்காய்ச்சல் எனும் டைபொயிட்டுக்கு, மற்றது ஹெப்பட்டைட்டிஸ் ஏ. "சரி என்றுதானே தலையாட்டினீர்கள்," என்றாள். அது அவருடைய பழக்கம். ஆங்கிலத்தில் யார் வேகமாகப் பேசினாலும் தலையாட்டுவார். மஞ்சள் காய்ச்சல் ஊசியை மட்டும் அவள் போடவில்லை. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதில் ஆபத்துக் கொஞ்சம் கூட, முதலில் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும் என்றாள்.

சுசிலாவின் அறையில் இருந்தவர் அபீனா என்ற மூத்த நேர்ஸ், கானாவில் பிறந்து வளர்ந்தவர். அவர் அவசரப்படவில்லை. ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். முட்டை ஒத்துக்கொள்ளுமா? புற்றுநோய்க்கு மருந்து எடுத்ததுண்டா? நெஞ்சில் தைமஸ் என்று ஒரு சுரப்பி, அதில் நோயோ ஒப்பரேசனோ?

"நெஞ்சில் ஒரு ஒப்பரேசன் செய்தது," என்றாள் சுசிலா. "ஜெர்மனியில், தொண்ணூற்றிரண்டில். சின்னக் கட்டி. ஒன்றுமில்லை."

அபீனா பேனாவை மேசையில் வைத்தார். "என்ன கட்டி?"

"எனக்கு அப்போது ஜெர்மன் தெரியாது. என் கணவர்தான் டொக்டரோடு கதைத்தவர். அவரைக் கூப்பிடுங்கள், சொல்லுவார்."

யோகராஜா இரண்டு சட்டைக் கையையும் மடித்துவிட்டபடி, இரண்டு பக்கமும் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்து நின்றார். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் சுசிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டுப் பார்க்க மட்டும் வந்தவர்!

அபீனா கேள்வியைத் திரும்பக் கேட்டார். யோகராஜா சிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "தைமஸ்தான்," என்றார். "தைமோமா என்று சொன்னார்கள். முழுவதும் எடுத்தாச்சு என்றும் சொன்னார்கள்."

அபீனா சுசிலாவின் பக்கம் திரும்பி, அது ஒரு வகைப் புற்றுக்கட்டி என்றும், அது வந்தவர்களுக்கு எந்த வயதிலும் மஞ்சள் காய்ச்சல் ஊசி போடக்கூடாது என்றும், அந்த மருந்தே அவர்களுக்கு உயிராபத்தாக முடியலாம் என்றும் நிதானமாக விளக்கினார். சுசிலா எல்லாவற்றையும் கேட்டாள். நன்றி சொன்னாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

வீட்டுக்குப் போகும் 109ஆம் இலக்க பஸ்ஸில் மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்தது.

"நீங்கள் எனக்கு என்ன சொன்னனீங்கள்?" என்று தோர்ன்டன் ஹீத் தாண்டியதும் சுசிலா கேட்டாள்.

"சின்னக் கட்டி எண்டு."

"பிறகு அஞ்சு வருசம், வருசா வருசம் கொண்டுபோய்ப் படம் எடுப்பிச்சனீங்கள். அதுக்கு?"

"நெஞ்சுச் சளி எண்டு."

"நானும் அந்த அஞ்சு வருசம் ஐஸ்கிறீம் சாப்பிடாமல் இருந்தன்."

யோகராஜா கையிலிருந்த பஞ்சை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். "உமக்கு அப்ப இருபத்தொன்பது வயசு, சுசி. பிள்ளைக்கு எட்டு மாசம். அந்த டொக்டர் எனக்கு ஜெர்மனிலை சொன்னவர். விளங்கினது. அதைத் தமிழிலை சொல்ல எனக்கு வாய் வரேல்லை. எல்லாம் சுகமான பிறகு சொல்லுவம் எண்டு விட்டன். பிறகு எந்த நாள் அந்தப் பிறகு எண்டு தெரியேல்லை."

முன்னால் இருந்த கண்ணாடியில் மழை அடித்தது. சுசிலாவுக்குக் கோபம் வந்தது. கூடவே, ஒரு குளிர்காலம் முழுவதும் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து பிள்ளைக்குப் பால் கரைத்துக்கொண்டு, தன்னைப் பார்த்து எந்நேரமும் சிரித்துக்கொண்டிருந்த ஒரு மெலிந்த மனிதனும் நினைவுக்கு வந்தான். அந்தச் சிரிப்பு அப்போது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டில் ஒருத்தி படுத்திருக்க இந்த மனுசனுக்கு என்ன சிரிப்பு என்று நினைத்திருக்கிறாள்.

"இனிமேல் என்ரை உடம்பைப் பற்றி யாரும் கதைச்சால் நான் நேரை கேப்பன். நீங்கள் இடையிலை நிக்கிறேல்லை," என்றாள்.

"ஓம்."

"தலையாட்டாதையுங்கோ. வாயாலை சொல்லுங்கோ."

"ஓம், சுசி. நிக்கமாட்டன்."

இரண்டு நாள் வீட்டில் பேச்சுக் குறைவாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் சுசிலா அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய ஜெர்மன் ஆஸ்பத்திரிக் காகிதங்களை இறக்கி எடுத்துக்கொண்டு தனியே குரொய்டனுக்குப் போனாள். யோகராஜா வாசல் வரைக்கும் வந்து, சப்பாத்தைப் போட்டு, கழற்றி, வீட்டிலேயே நின்றுகொண்டார்.

அபீனா காகிதங்களைப் பார்த்துத் தலையசைத்தார். "உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. உங்களுக்கு ஊசி ஒத்துவராது என்று விலக்குக் கடிதம் தரலாம். அதைக் காட்டிக் கப்பலில் ஏறலாம். அதிகாரி அதை வாசிப்பார். ஆனால் காய்ச்சலைக் கொண்டுவரும் நுளம்பு வாசிக்காது."

"கடித்தால்?"

"எல்லா நுளம்பிலும் நோய் இல்லை. ஆனால் நோய் வந்துவிட்டால் அதற்கென்று தனி மருந்து கிடையாது. நான் போகச் சொல்லவும் இல்லை, போக வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. முடிவு உங்களுடையது."

முடிவு உங்களுடையது என்ற அந்த வார்த்தை சுசிலாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. வெளியே வந்து ஒரு கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். ஆற்றை நினைத்தாள். நுளம்புக்குப் பயந்து நீண்ட கைச் சட்டையோடு அறைக்குள் பூட்டிக்கொண்டிருக்கும் தன்னையும், ஒவ்வொரு பத்து நிமிடமும் தன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கப்போகும் மனுசனையும் நினைத்தாள். அது விடுமுறை இல்லை, காவல். தேநீர் முடிவதற்குள் தெளிவு வந்துவிட்டது. அங்கேயே கப்பல் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். காரணத்தைச் சொன்னதும் மறுமுனையில் இருந்த பெண், பயணத்தை மாற்றித் தருவதாகவும், நுளம்புப் பிரச்சினை இல்லாத பயணங்கள் நிறைய இருப்பதாகவும் சொன்னாள். அவள் இடங்களை வாசிக்க வாசிக்க, சுசிலா ஐந்தாவதில் "அது!" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் யோகராஜா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவர் படும் பாடு முகத்தில் தெரிந்தது.

"நோர்வே," என்றாள் சுசிலா. "ஜூன் மாசம். சவுத்ஹாம்டனிலையிருந்து நேரை கப்பல். ஒரு ஊசியும் தேவையில்லை."

"நோர்வேக்கோ?" யோகராஜாவின் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. இரண்டு கையையும் தடவிக்கொண்டார். "அப்ப எனக்குப் போட்ட ரெண்டும்?"

"ஒஸ்லோவிலை நெருப்புக்காய்ச்சல் வந்தால் நீங்கள் மட்டும் தப்புவியள்."

இருவரும் சிரித்தார்கள். சுசிலா கதிரையில் அமர்ந்து கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

ஜூன் மாதம் அவர்கள் போனார்கள். நாலாம் நாள் காலை, கப்பல் இரண்டு மலைகளுக்கு நடுவே மெல்லப் போய்க்கொண்டிருந்தது. யோகராஜா சாப்பாட்டு மண்டபத்தில் புகைபோட்ட மீனில் மூன்றாவது தட்டைத் தொடங்கியிருந்தபோது சுசிலா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடினாள். மலை உச்சியிலிருந்து ஒரு நீர்வீழ்ச்சி விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவு கிட்டத்தில், திவலைகள் முகத்தில் தெறித்தன. சனம் எல்லாம் கூச்சல் போட்டது. சுசிலா அவரைப் பார்த்து ஏதோ கத்தினாள்.

"என்ன? கேக்கேல்லை!"

அவள் கிட்ட வந்து காதுக்குள் சொன்னாள். "குளிருது எண்டு சொன்னனான். உங்கடை ஜக்கெட்டைத் தாங்கோ."

அவர் கழற்றிக் கொடுத்தார். அவள் அதைப் போட்டுக்கொண்டு, அதன் தொப்பியை இழுத்து மூடி, கம்பியைப் பிடித்தபடி முன்னால் போய் நின்றாள். யோகராஜா மெல்லிய சேட்டோடு பின்னால் நின்று நடுங்கினார். உள்ளே போக மனம் வரவில்லை.