இரண்டாவதாக எண்ணியவள்

மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லில் ஆண்டுக்கொரு வளையம் விழும். அவ்வாறு நானூறு மீன்களின் வளையங்களை எண்ணி வயதைக் கணித்திருந்தாள் ஆராய்ச்சி மாணவி. அவள் எழுதியதைப் பாராமல் இன்னொருவரும் எண்ணினால்தான் ஆய்வேடு செல்லும். அந்தப் பொறுப்பை, ஐந்தாண்டுகளாகத் தன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த தோழியிடம் ஒப்படைத்திருந்தாள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு நாளே இருந்தது. வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் தனித்து நின்றது. சாண் நீளம்கூட இல்லாத மீனுக்குப் பன்னிரண்டு வயதாம். கல்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள், இரண்டே வளையங்கள். கைதவறி எழுதிய தன்னையே கடிந்துகொண்டு, சரிபார்ப்பதற்காகத் தோழியின் தாளை எடுத்தாள். அதிலும் பன்னிரண்டு என்றே இருந்தது.

தாளோடு அறைக்குப் போனாள்.

"என் தாள் உனக்கு எப்படிடி கெடச்சுது?"

"உன் டிராயர் தொறந்துதானே கெடந்துச்சு," என்றாள் தோழி, தேநீரை ஆற்றியபடி. "நானூறு கல்லுடி, கண்ணு பூத்துப்போயிடும். நீதான் தப்பே பண்ணமாட்டியே, தாயே."

"பண்ணிட்டேனே."

"ஒண்ணுதானே? ரெண்டு தாள்லயும் திருத்திட்டுப் போ."

மாணவி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நெறியாளரின் அறைக்கு நடந்தாள்.

"ஐயா, நாளைக்குக் கொடுக்க முடியாது. ரெண்டாவதா எண்ண வேற ஆள் வேணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, உன் உயிர்த்தோழிதானே எண்ணிக் கொடுத்தா?"

கையிலிருந்த தோழியின் தாளை அவள் நான்காக மடித்தாள்.