பாலைவனத்துக்கு மூன்றாவது ஒத்திகை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், வரும் சனிக்கிழமை காலை சரியாக ஆறு மணிக்கு நமது குடும்பப் பயணக் குழு பாலைவன தேசியப் பூங்காவை நோக்கிப் புறப்படும். குழுவின் தலைவர், துணைத் தலைவர், அவசரகாலப் பொறுப்பாளர் ஆகிய மூன்று பதவிகளையும் ஏற்க அத்தான் பெருமனதோடு சம்மதித்திருக்கிறார்.

குடும்ப வாட்ஸ்அப்பில் வந்த இந்த அறிவிப்பை நர்ஸான தங்கை வார்டு மேஜையருகே நின்றபடியே படித்தாள். குடும்பம் என்றால் அவள், அக்கா, அக்கா புருஷன், ஆக மூன்றே பேர். அவள் கேட்டதும் ஒரே ஒரு விஷயம்தான்: "அக்கா, மழை பெஞ்சதுல பாலைவனம் பூரா பூத்திருக்காம். இந்த ஞாயிறோட காஞ்சிடுமாம். போலாமா?" அக்கா "போலாம்டி" என்று எழுதுவதற்குள் அத்தான் உள்ளே புகுந்துவிட்டார்.

அந்த இரண்டு நாள் லீவுக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். நாலு மாதமாகச் சனி, ஞாயிறெல்லாம் டியூட்டி. கூட வேலை பார்ப்பவளின் மூன்று ஷிஃப்டைத் தன் தலையில் கட்டிக்கொண்டு வாங்கிய லீவு. அடுத்தது எப்போது என்று கேட்டால் ஹெட் நர்ஸ் காலண்டரைப் பார்க்காமலேயே சிரிப்பார்.

அத்தான் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. தீ விபத்து ஒத்திகை நடத்துவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் அங்கே தீயே பிடித்ததில்லை. அதற்குத் தன்னைத் தவிர வேறு காரணம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை. வியாழக்கிழமைக்குள் பதினோரு பக்கத் திட்டம் வந்து சேர்ந்தது. மணற்புயல் அடித்தால் யார் யார் கையைப் பிடிக்க வேண்டும் என்று படமே போட்டிருந்தார். படத்தில் அவர் மட்டும் பெரிதாக இருந்தார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு அவள் தன் சின்னக் காரை அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினாள். அத்தான் கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச்.

"எட்டு நிமிஷத்துல எல்லாச் சாமானும் ஜீப்புல ஏறணும். ஆரம்பிங்க."

பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. முதலுதவிப் பெட்டி வேறு தண்ணீர் கேனுக்கு அடியில் போய்விட்டது. எல்லாவற்றையும் இறக்கி முதலிலிருந்து ஏற்றச் சொன்னார்.

"அதான் ஏத்தியாச்சே அத்தான், கிளம்புவோம்."

"இப்படிச் சொன்னவங்க எல்லாம் அப்புறம் பேப்பர்லதான் வந்தாங்க."

இரண்டாவது ஒத்திகைக்குப் பத்து நிமிஷம். அதில் உள்ள குறைகளை விளக்க ஒன்றரை மணி நேரம். மூன்றாவதில் அக்காவின் செருப்பு வார் அறுந்தது. அதற்குத் தனி விசாரணை நடந்தது. பத்தரை மணிக்கு அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குழு இன்னும் தயாராகல. பயணம் அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கப்படுது."

"அடுத்த சனிக்கிழமை எனக்கு டியூட்டி."

"லீவு போடு."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"லீவு போடவா? ஆஸ்பத்திரி என்ன உங்க ஒத்திகையா அத்தான்? அங்க இருபது பேர் நிஜமாவே படுத்திருக்காங்க. நாலு மாசம் கழிச்சு ஒரு பூவைப் பாக்கணும்னு கேட்டேன். அதுக்கு நாலரை மணி நேரமா மூட்டை தூக்க விட்டிருக்கீங்க."

"உணர்ச்சிவசப்படுறவங்களைக் குழுவுல சேர்க்கக் கூடாதுன்னு ஏழாம் பக்கத்துல போட்டிருக்கேன்," என்றார் அத்தான், அந்தப் பக்கத்தைத் தேடிக்கொண்டே.

அவள் விறுவிறுவென்று ஜீப் பக்கம் போனாள். ஜீப்பிலிருந்து இரண்டு தண்ணீர் கேனை எடுத்துத் தன் காரின் பின் சீட்டில் வைத்தாள். முன்பக்கம் வந்து பார்த்தால், அக்கா ஏற்கெனவே சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள்.

"படிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள வண்டிய எடுடி," என்றாள் அக்கா. "எனக்குக் கல்யாணமானதுலேருந்து படிச்சுக்கிட்டிருக்காரு."

பூங்கா ஒன்றேகால் மணி நேரத் தூரம். வாசல்வரை தார் ரோடு. கேட்டை ஒட்டியே பூ.