மரப்பிடித் திருப்புளி

சலவை இயந்திரம் காலையிலிருந்து கரகரக்கிறது. அவர் குளியலறை வாசலில் குந்தி உட்கார்ந்து, திருப்புளியின் முனையை அதன் பக்கவாட்டில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார். உள்ளே எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று அப்படித்தான் கண்டுபிடிப்பார். முப்பது வருடப் பழக்கம். சமையல் கேஸ் தீரப்போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு விரலை உயர்த்தினார். பேசாதே என்று அர்த்தம். அந்த விரலைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தப் பிடிதான் எனக்கு ஆகாது. சிவப்பு பிளாஸ்டிக். அது அவளுடையது.

ஆறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் ஒரு சோப்புத் தொழிற்சாலைக்கு இவர் கம்பெனி இயந்திரம் விற்றது. சோப்புக் கட்டிக்குக் காகிதம் சுற்றுகிற இயந்திரம். அதை நிறுவி ஓட்டிக் காட்ட இவரைப் பன்னிரண்டு நாள் அனுப்பினார்கள். நீயும் வா என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் ‘நீயும் வா’ அதுதான். தலைகால் புரியவில்லை எனக்கு. நாத்தனாருக்கு இரண்டு முறை ஃபோன் செய்து சொன்னேன், முதல் முறை சரியாகக் கேட்டிருக்காது என்று. முழங்கால் வரை வரும் பழுப்புக் கோட்டு ஒன்றும் வாங்கிக்கொண்டேன்.

அங்கே போனால் அவர் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார். எதிர்க் கட்டடத்தில் ஒருவர் கண்ணாடி துடைப்பதை ஓட்டல் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. சாயங்காலம் திரும்பி வருபவர் மேல் சோப்பு வாசனை. வந்ததும் அவளைப் பற்றிய பேச்சு. அந்தத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவுத் தலைவி, எப்போதும் நீலச்சட்டை. இவருக்குத் தட்டுத்தடுமாறிய ஆங்கிலம், அவளுக்கு அதுவும் இல்லை. ஆனாலும் மெஷின் தெரிந்தவள் என்றார். என் சமையலைக்கூட அந்தக் குரலில் அவர் சொன்னதில்லை. நான்காம் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் என்னையும் அழைத்துப்போனார்.

ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தார்கள். இயந்திரத்துக்குள் ஏதோ உரசல். இவர் தன் மரப்பிடித் திருப்புளியை எடுத்து இந்தப் பக்கம் வைத்துக் காதைக் கொடுத்தார். அவள் தன் சிவப்புப் பிடியை எடுத்து அந்தப் பக்கம். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நடுவில் சோப்புக் கட்டிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அவள் ஒன்றும் அழகி இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், நரைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். அதிலெல்லாம் எனக்கு ஆறுதல் வரவில்லை. ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்தார்கள், ஒரே இடத்தைக் காட்டினார்கள், சிரித்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. நான் அதுவரை இருபத்திரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாளாவது எனக்காக அவர் கண்ணை மூடிக் கேட்டதுண்டா?

மறுநாள் இயந்திரத்தின் கடைசிச் சோதனை ஓட்டம் என்ற மாலையில், அவர் குளிக்கும்போது கருவிப் பையைத் திறந்து மரப்பிடியை எடுத்தேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு நேராகப் பதில் சொல்ல வராது. அது இல்லாவிட்டால் அவர்கள் சேர்ந்து கண்ணை மூட முடியாது, அவ்வளவுதான். கோட்டுக்குள் சுருட்டிப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினேன். காலையில் அவர் பையைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தேடினார். சாயங்காலம் திரும்பும்போது கையில் சிவப்புப் பிடி. தன்னுடையது தொலைந்துவிட்டது என்று இவர் சைகையில் சொன்னதும், அவள் தன்னுடையதையே கொடுத்துவிட்டாளாம். அவளை நானே கைபிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்த மாதிரி ஆகிவிட்டது.

விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது எனக்குப் பல் தந்தியடித்தது. கோட்டு எங்கே என்று கேட்டார். வியர்க்கிறது என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்.

அன்றிலிருந்து அந்தச் சிவப்புப் பிடி அவர் வேலைப்பையில், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. டப்பாவைத் தினமும் கட்டி வைப்பது நான். என் கோட்டு பீரோவில் தொங்குகிறது, உள்பையில் மரப்பிடியோடு. போடாத கோட்டை யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று மகள் வரும்போதெல்லாம் கேட்கிறாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

குளியலறை வாசலில் அவர் கண்ணைத் திறந்தார். சிவப்புப் பிடியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“இதுல பாதிச் சத்தம்தான் கேக்குது,” என்றார். “எப்பவுமே அப்படித்தான்.”

“அப்புறம் ஏன் ஆறு வருஷமா அதையே கட்டிக்கிட்டு அழுறீங்க? வேற ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே.”

“பழசு கிடைச்சிடும்னு பாத்தேன்,” என்றார், என்னைப் பார்க்காமல் இயந்திரத்தைப் பார்த்தபடி. “எங்க போயிடப் போகுது.”

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? எனக்குக் காது சுட்டது. படுக்கையறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். கோட்டின் உள்பையில் கையை விட்டேன். அவர் கட்டைவிரல் அழுத்தி அழுத்தித் தேய்ந்த பள்ளம் பிடியில் அப்படியே இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தால் நான் திருடி. கொடுக்காவிட்டால் அவள் என்றைக்கும் அந்தப் பையிலேயே இருப்பாள். எதற்கென்று தெரியாமல் முனையைக் குளியலறைப் பக்கத்துச் சுவரில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கண்ணை மூடினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கரகரப்பு, இயந்திரமே என் தலைக்குள் ஓடுவது போல அவ்வளவு கிட்டத்தில். அது நின்றது. அப்புறம் அவர் காலடி, ஒவ்வொன்றாக, இந்தப் பக்கம் வந்தது.

கதவு திறந்தது. அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை உயர்த்தினேன்.